லாகினுக்கு எதை நம்புவது: பாஸ்வேர்டா, ஓடிபியா, வெளிச்சேவையா, பாஸ்கீயா?

புதிதாக ஆப் கட்டத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் இடம் லாகின். பாஸ்வேர்டை நாமே வாங்கிச் சேமிக்கலாமா, மொபைல் எண்ணுக்கு ஓடிபி அனுப்பி முடித்துக்கொள்ளலாமா, ஃபயர்பேஸ், ஆத்ஜீரோ, காக்னிட்டோ மாதிரி லாகினைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வெளிச்சேவையிடம் ஒப்படைக்கலாமா, இல்லை நேராகப் பாஸ்கீக்கே (பாஸ்வேர்டுக்குப் பதில் யூசரின் கருவியில் இருக்கும் ரகசியச் சாவியால் நுழைவது) போய்விடலாமா? கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் கொண்ட குழு. பாதுகாப்புக்கென்று தனி ஆள் கிடையாது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வங்கி, பேமென்ட் ஆப் கட்டுகிறவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகளே பாதி முடிவை எடுத்துவிடும் என்பதால் அவர்களை விட்டுவிடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

டெமோவில் நான்குமே நன்றாக வேலை செய்யும். கெட்ட நாளில்தான் வித்தியாசம் தெரியும். அதனால் என் அளவுகோல்கள் எல்லாம் கெட்ட நாளைப் பற்றியவை.

1. டேட்டாபேஸ் திருடு போனால், திருடியவன் கையில் என்ன இருக்கும்?
2. யூசரைப் போலிப் பக்கத்துக்கு இழுத்தால் அவர் ஏமாறுவாரா?
3. யூசர் போனையோ எண்ணையோ ஈமெயிலையோ தொலைத்துவிட்டால் எப்படித் திரும்ப வருவார்?
4. யூசர் எண்ணிக்கை பத்து மடங்கானால் பில் என்ன ஆகும்?
5. இந்த வழி வேண்டாம் என்று முடிவெடுத்தால் யூசர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போக முடியுமா?

ஐந்தில் எனக்கு முக்கியமானது மூன்றாவது. மீட்பு வழி எவ்வளவு வலுவோ அவ்வளவுதான் மொத்த லாகினும். வாசல் கதவுக்கு ஏழு லீவர் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைக் கயிற்றால் கட்டிவைத்தால் திருடன் எந்தப் பக்கம் வருவான் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒப்பிடும்போது எல்லாரும் வாசல் கதவைத்தான் ஒப்பிடுகிறார்கள்.

| | டேட்டாபேஸ் கசிந்தால் | போலிப் பக்கம் | மீட்பு | செலவு | வெளியேறுவது |
|---|---|---|---|---|---|
| சொந்தப் பாஸ்வேர்டு | ஹாஷைப் (பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாதபடி உருமாற்றிய வடிவம்) பொறுத்தது | ஏமாறுவார் | ஈமெயில் | உழைப்பு | எளிது |
| எஸ்எம்எஸ் ஓடிபி | எண்கள் மட்டும் | ஏமாறுவார் | எண் போனால் சிக்கல் | ஒவ்வொரு லாகினுக்கும் | எளிது |
| வெளிச்சேவை | அவர்கள் பொறுப்பு, உங்கள் பெயர் | அமைப்பைப் பொறுத்தது | அவர்கள் தரும் வழி | யூசர் கணக்கில் ஏறும் | சேவைக்குச் சேவை மாறும் |
| பாஸ்கீ | திருடனுக்குப் பயனற்ற பொதுச்சாவிகள் | ஏமாற வழியில்லை | நீங்கள்தான் கட்ட வேண்டும் | உழைப்பு | டொமைனோடு கட்டுண்டது |

## பாஸ்வேர்டை நாமே வைத்துக்கொள்வது

பழைய வழி என்று ஒதுக்க வேண்டாம். மாதக் கட்டணம் இல்லை, யார் தயவும் தேவையில்லை, எந்த மலிவு போனிலும் எந்தப் பிரவுசிங் சென்டரிலும் ஓடும். ஒரே நிபந்தனை, சரியாகச் செய்ய வேண்டும்.

2012-இல் லிங்க்ட்இன்னிலிருந்து பாஸ்வேர்டு ஹாஷ்கள் வெளியே போயின. முதலில் 65 லட்சம் என்றார்கள். 2016-இல் பார்த்தால் 11.7 கோடிக் கணக்குகளின் விவரம் விற்பனைக்கு வந்திருந்தது. சால்ட் (ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் கலக்கும் தற்செயல் எழுத்துகள்) சேர்க்காத ஷா-1 ஹாஷ்கள் என்பதால் உடைப்பது பெரிய வேலையாக இல்லை. ஷா-1, ஷா-256 எல்லாம் வேகமாக ஓடுவதற்கென்றே வடிவமைத்தவை. பாஸ்வேர்டுக்கு வேண்டியதோ மெதுவான, நினைவகத்தைத் தின்கிற ஹாஷ்.

இன்று புதிதாகத் தொடங்கினால் ஆர்கான்2ஐடி, அதாவது ஆர்கான்2 ஹாஷின் ஒரு வகை. ஆர்கான்2 என்பது 2015-இல் முடிந்த பாஸ்வேர்டு ஹாஷ் போட்டியில் வென்றது. 2021-இல் ஆர்எஃப்சி 9106 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்தது. குறைந்தது 19 எம்பி நினைவகமும் 2 சுற்றுகளும் கொடுங்கள் என்கிறது மென்பொருள் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப். மறைந்திருக்கும் செலவு இங்கேயே இருக்கிறது. ஒரே நொடியில் 20 பேர் லாகின் செய்தால் 380 எம்பி. 512 எம்பி ராம் உள்ள மலிவுச் சர்வரில் ஆப் ஓடினால் மூச்சுத் திணறும். வேண்டுமென்றே தவறான பாஸ்வேர்டுகளை அள்ளி வீசி உங்கள் சர்வரைப் படுக்கவைக்கவும் முடியும். அதனால் ஒரே நேரத்தில் எத்தனை ஹாஷ் ஓடலாம் என்பதற்கு ஒரு வரம்பு கட்டாயம் வேண்டும்.

பழைய சிஸ்டங்களில் பிகிரிப்ட் என்ற ஹாஷ் இருக்கும். 1999-இலிருந்து இருக்கிறது, இன்றும் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் முதல் 72 பைட்டுக்கு மேல் அது பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு 72 எழுத்து என்பது எட்டாத தூரம். தமிழில் அப்படி இல்லை. யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும். 'கு' என்பதே இரண்டு குறியீடு, 6 பைட். ஒருவர் 'மாடியில் காயும் வத்தல் மிளகாய்' என்று பாஸ்வேர்டு வைக்கிறார் என்று வையுங்கள். இடைவெளிகளோடு 84 பைட். 72-ஆவது பைட் 'மிள' என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆக, 'மாடியில் காயும் வத்தல் மிளகு' என்று அடித்தாலும் கதவு திறக்கும்! சில லைப்ரரிகள் 72-ஐத் தாண்டினால் பிழை காட்டும், பல சத்தமில்லாமல் வெட்டும். உங்களுடையது எந்த வகை என்று இன்றே ஒரு டெஸ்ட் எழுதிப் பாருங்கள்.

இது தமிழர்களுக்கு மட்டும் வரும் வம்பு என்று நினைக்க வேண்டாம். லாகினையே தொழிலாகக் கொண்ட ஆக்டா நிறுவனம் 2024 அக்டோபரில் ஒரு குறையை வெளியிட்டது. யூசர் ஐடி, யூசர்நேம், பாஸ்வேர்டு மூன்றையும் ஒட்டிப் பிகிரிப்டில் போட்டு ஒரு கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) சாவி செய்திருந்தார்கள். யூசர்நேம் 52 எழுத்தோ அதற்கு மேலோ இருந்தால், சில சூழல்களில், பாஸ்வேர்டைப் பார்க்காமலே உள்ளே விட வாய்ப்பு இருந்தது. காரணம் அதே 72.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஹாஷ் வேறு. போன் கீபோர்டு ஒன்றையும் லேப்டாப் கீபோர்டு மற்றொன்றையும் அனுப்பினால், "நான் சரியாகத்தானே அடிக்கிறேன்" என்று யூசர் புலம்புவார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். ஹாஷ் செய்வதற்கு முன்னால் யூனிகோட் நார்மலைசேஷன் (இரண்டையும் ஒரே வடிவமாக்குவது) ஒரு வரிதான். கணக்குகள் சேர்ந்த பிறகு அதை நுழைப்பது பெரும்பாடு.

அப்புறம், ஹாஷ் சரியாக இருந்தால் மட்டும் போதாது. 2023-இல் 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில் நடந்தது இதற்குச் சாட்சி. வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளை இங்கே போட்டுப் பார்த்தே சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். அவற்றின் வழியாக, உறவினர்களைக் காட்டும் வசதியைப் பயன்படுத்தி, 69 லட்சம் பேரின் விவரத்தை எடுத்துவிட்டார்கள். இதற்கு எதிரான எளிய தடுப்பு, கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தின் ஏபிஐக்கு (புரோகிராம்கள் கேட்டுப் பதில் வாங்கும் வாசல்) ஷா-1 ஹாஷின் முதல் 5 எழுத்தை மட்டும் அனுப்பினால் போதும்; முழுப் பாஸ்வேர்டு உங்கள் சர்வரை விட்டுப் போகாது. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று என்று யூசரை வதைப்பதையும், 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இலேயே இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

மீட்பு? 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' ஈமெயில்தான். ரீசெட் டோக்கன் (அந்த ஈமெயிலில் போகும் ரகசியக் குறியீடு) ஒருமுறைக்கு மேல் செல்லக்கூடாது, சீக்கிரம் காலாவதியாக வேண்டும், டேட்டாபேஸில் அதன் ஹாஷ் மட்டும் இருக்க வேண்டும். "இந்த ஈமெயில் எங்களிடம் இல்லை" என்று ஏபிஐ பதில் சொல்லக்கூடாது; யார் யார் உங்கள் யூசர் என்ற பட்டியலைச் சும்மா கொடுப்பதற்குச் சமம் அது.

யூசர்களிடம் உறுதியாக ஈமெயில் இருக்கிறது, குழுவில் ஒருவராவது மேலே சொன்னவற்றைப் படித்துச் செய்யத் தயாராக இருக்கிறார் என்றால் இந்த வழி சரி. ஜாங்கோ, லாராவெல் போன்ற ஃபிரேம்வொர்க்குகளில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சொந்தமாக ஹாஷ் கோடு எழுத உட்காராதீர்கள்.

## எஸ்எம்எஸ் ஓடிபி

இந்தியாவில் இதுதான் இயல்பான தேர்வு. பலருக்கு ஈமெயில் என்பது போன் வாங்கிய நாளில் கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்த ஏதோ ஒன்று. மொபைல் எண்தான் அடையாளம். மறப்பதற்கு எதுவும் இல்லை. டேட்டாபேஸ் போனாலும் பாஸ்வேர்டு என்று எதுவும் சிக்காது.

செலவு பைசாக் கணக்கில்தானே என்று தோன்றும். ஆனால் அனுப்பத் தொடங்கும் முன்பே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனத்தைப் பதிய வேண்டும், ஹெடர் (அனுப்புநர் பெயர்) வாங்க வேண்டும், செய்தி டெம்ப்ளேட்டுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் மறுபடி ஒப்புதல்தான். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ யூசர் இருந்தால் ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸும் ரூபாய்க் கணக்குக்கு வந்துவிடும். சிங்கப்பூரில் அனுப்புநர் பெயரைத் தனியாகப் பதியாவிட்டால், 2023-இலிருந்து, உங்கள் செய்தி மோசடியாக இருக்கலாம் என்ற முத்திரையோடு போய்ச் சேரும்.

அதைவிடப் பெரிய பில் ஒன்று உண்டு. 'ஓடிபி அனுப்பு' எண்ட்பாயிண்ட் (சர்வரில் அந்தக் கோரிக்கையை வாங்கும் முகவரி) லாகின் இல்லாமலே யாரும் அழைக்கக்கூடியது. கட்டணம் அதிகமான வெளிநாட்டு எண்களுக்குப் பாட் (தானியங்கி நிரல்) வைத்து ஆயிரக்கணக்கில் ஓடிபி கேட்டு, அந்தக் கட்டணத்தில் பங்கு வாங்கும் கூட்டமே இருக்கிறது. 2023 மார்ச்சில் ட்விட்டர், சந்தா கட்டாதவர்களுக்கு எஸ்எம்எஸ் வழி இரண்டாம் படிச் சரிபார்ப்பை நிறுத்தியபோது சொன்ன காரணங்களில் இந்தத் துஷ்பிரயோகமும் ஒன்று. உங்கள் யூசர்கள் இந்தியாவில் மட்டும் என்றால் +91 தவிர மற்றவற்றை முதல் நாளே அடைத்துவிடுங்கள். எண்ணுக்கு ஒரு வரம்பு, ஐபி முகவரிக்கு ஒரு வரம்பு, மொத்தத்துக்கு ஒரு நாள் வரம்பு, மூன்றும் வேண்டும்.

சரிபார்க்கும் பக்கத்திலும் வரம்பு வேண்டும். 6 இலக்க ஓடிபிக்கு 10 லட்சம் சாத்தியங்கள். வினாடிக்கு 100 முயற்சியை அனுமதித்தால், 5 நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபிக்குக்கூட 30,000 முயற்சி, அதாவது நூற்றுக்கு மூன்று வாய்ப்பு. புது ஓடிபி கேட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் மாட்டும். ஐந்து தவறுக்கு மேல் அந்த ஓடிபி செத்துவிட வேண்டும். டெஸ்டிங் வசதிக்காக ஏபிஐயின் பதிலிலேயே ஓடிபியைத் திருப்பி அனுப்பிவிட்டு, லைவ் போகும்போது எடுக்க மறந்துவிடும் கூத்தும் குறைவில்லாமல் நடக்கிறது.

என்னைத் தயங்கவைப்பது இது எதுவும் அல்ல, எண் கைமாறுவதுதான். இந்தியாவில் செயலிழந்த எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். துபாய்க்கு வேலைக்குப் போனவர் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டால், அவர் எண்ணோடு உங்கள் ஆப்பில் உள்ள அவர் கணக்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்விடும். எந்த ஹேக்கரும் தேவையில்லை. புதியவர் சும்மா உங்கள் ஆப்பைத் திறந்தாலே போதும். நீண்ட நாள் வராத எண்ணிலிருந்து லாகின் வந்தால் பழைய தகவலைக் காட்டும் முன் வேறு ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். சிம் மாற்று மோசடி, "சார், ஓடிபி சொல்லுங்க" போன் அழைப்பு எல்லாம் இதற்கு மேல்.

உணவு டெலிவரி, சலூன் முன்பதிவு, டியூஷன் வருகைப் பதிவு போன்ற, கணக்கு கைமாறினாலும் இழப்பு சிறிதாக இருக்கும் இடங்களுக்கு இதுவே போதும். மருத்துவ அறிக்கை, பணம், குழந்தைகளின் விவரம் இருக்கும் இடத்தில் இதை மட்டும் நம்ப மாட்டேன்.

## வெளிச்சேவையிடம் ஒப்படைப்பது

இதில் இரண்டு வகை. 'கூகுள் மூலம் நுழைக' பொத்தானை மட்டும் வைப்பது ஒன்று. ஃபயர்பேஸ், காக்னிட்டோ, ஆத்ஜீரோ போன்ற முழுச் சேவை மற்றொன்று. கீக்ளோக் மாதிரி திறமூல மென்பொருளை நமது சர்வரில் ஓட்டுவது இரண்டுக்கும் நடுவில்.

கூகுள் பொத்தானில் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான்: ஈமெயிலை யூசரின் அடையாளமாக வைப்பது. ஈமெயில் மாறும், நிறுவனம் மூடிப்போய் அதன் டொமைனை வேறொருவர் வாங்கினால் ஈமெயிலும் அவருடையதாகிவிடும். கூகுள் அனுப்பும் டோக்கனில் வரும், மாறாத யூசர் அடையாளமான 'சப்' மதிப்பைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐஓஎஸ் ஆப் என்றால் ஆப்பிளின் லாகினையோ அதற்கு இணையான தனியுரிமை தரும் ஒன்றையோ சேர்த்தாக வேண்டும் என்ற விதி உண்டு. அதில் யூசர் தன் உண்மை ஈமெயிலை மறைத்துக்கொள்ளலாம் என்பதால், ஈமெயில் வைத்துக் கணக்குகளை இணைக்கும் திட்டம் அங்கேயும் உடையும்.

முழுச் சேவையின் லாபம் உண்மையானது. ஹாஷ், வரம்பு, இரண்டாம் படி, ரீசெட் ஈமெயில் எல்லாம் அவர்கள் தலைவலி. பெரிய நிறுவனம் வாடிக்கையாளராக வந்து "எங்கள் எஸ்எஸ்ஓவோடு இணைக்க வேண்டும்" என்று (அதாவது ஊழியர்கள் ஒரே கணக்கால் எல்லாவற்றிலும் நுழையும் ஏற்பாட்டோடு) கேட்கும் நாளில் அதற்கான சாம்எல் நெறிமுறைக்குக் கோடு எழுதும் வேதனை உங்களுக்கு இல்லை. அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள்தான் உங்கள் சந்தை என்றால் மறுயோசனையே வேண்டாம், இதுதான்.

ஆனால் வெளியேறும் வழியைக் கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். ஃபயர்பேஸ் பாஸ்வேர்டு ஹாஷ்களை ஏற்றுமதி செய்யத் தருகிறது. அவர்களின் தனி வகை எஸ்கிரிப்ட் ஹாஷ், ஆனாலும் அதைக் கணக்கிடத் தேவையான அளபுருக்கள் கிடைக்கும். காக்னிட்டோ ஹாஷைத் தருவதில்லை. அங்கிருந்து கிளம்பினால் எல்லாரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொல்ல வேண்டும், அல்லது ஒவ்வொருவர் லாகின் செய்யும்போதும் அங்கே சரிபார்த்து இங்கே ஹாஷ் போட்டு மாதக்கணக்கில் இரண்டையும் ஓட்ட வேண்டும். சேவையின் ஒரு பாகமே மூடப்படுவதும் உண்டு. ஃபயர்பேஸின் டைனமிக் லிங்க்ஸ் (இணைப்பைத் தட்டினால் ஆப்புக்குள் கொண்டுபோகும் வசதி) 2025 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டபோது, அதை நம்பி ஈமெயில் இணைப்பு லாகின் வைத்திருந்த மொபைல் ஆப்கள் கோடைத் திருத்த வேண்டியதாயிற்று.

பொறுப்பும் முழுதாக மாறிவிடாது. 2023 அக்டோபரில் ஆக்டாவின் வாடிக்கையாளர் உதவி சிஸ்டத்துக்குள் நுழைந்தவர்கள், வாடிக்கையாளர்கள் பதிவேற்றிய கோப்புகளிலிருந்து செஷன் டோக்கன்களை (ஏற்கெனவே லாகின் ஆனவர் என்பதற்கான அடையாளச் சீட்டுகள்) எடுத்தார்கள். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை வெளியாரிடம் கொடுத்தாலும் யூசரின் தரவுக்குப் பொறுப்பு உங்களுடையதுதான். பாதுகாப்பில் அலட்சியம் என்றால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

கீக்ளோக் இலவசம் என்று கேட்டு ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நல்ல மென்பொருள். ஆனால் அதைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். 2022-இல் 17-ஆம் பதிப்பில் அது குவார்கஸ் என்ற புதிய அடித்தளத்துக்கு மாறியபோது பழைய அமைப்புகளைத் திருத்தி எழுத வேண்டி வந்தது. இரண்டு பேர் குழுவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## பாஸ்கீ

தொழில்நுட்பமாகப் பார்த்தால் போட்டியே இல்லை. ஒவ்வொரு பாஸ்கீயும் ஒரு ஜோடிச் சாவி. தனிச்சாவி யூசரின் கருவியிலோ, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் சாவிக்கொத்திலோ இருக்கும். உங்களிடம் இருப்பது பொதுச்சாவி. திருடினாலும் அதை வைத்து நுழைய முடியாது. சாவி டொமைனோடு கட்டப்பட்டிருப்பதால் போலித் தளத்தில் அது வேலையே செய்யாது. பாஸ்கீக்கு அடிப்படையான வெப்ஆத்தன் 2019 மார்ச்சில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் தரமாகிவிட்டது. ஐஓஎஸ் 16 வந்த 2022-இலிருந்து சாதாரண யூசரின் கையிலும் இருக்கிறது.

அந்த டொமைன் கட்டுதான் மறைந்திருக்கும் விலையும். பிராண்டு பெயர் மாறி டொமைன் மாறினால் பழைய பாஸ்கீகள் புது முகவரியில் நேராகச் செல்லாது. பெயர் இன்னும் முடிவாகாத ஸ்டார்ட்டப்புக்கு இது சின்ன விஷயம் இல்லை. கோடு எழுதும்போது இடறும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்கீ எத்தனை முறை கையெழுத்திட்டது (லாகினை உறுதி செய்தது) என்ற எண்ணிக்கை ஏறாவிட்டால் சாவி நகலெடுக்கப்பட்டிருக்கலாம் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். ஆனால் கருவிகளுக்கிடையே ஒத்திசையும் பாஸ்கீகள் பலவும் எப்போதும் 0 என்றே அனுப்பும். அதை வைத்துத் தடுத்தால் ஐபோன்காரர்களை மொத்தமாக வெளியே நிறுத்துவீர்கள்.

யாருக்குப் பொருந்தாது என்பதும் தெளிவு. ஒரு போனை வீடே பகிர்ந்துகொள்ளும் இடத்திலும், இ-சேவை மையத்தில் வேறொருவர் கணினியில் லாகின் செய்யும் யூசரிடமும் பாஸ்கீ திணறும். க்யூஆர் காட்டிப் போன் வழியாக நுழையலாம்தான். அதற்குக் கணினியிலும் புளூடூத் வேண்டும்.

இப்போது மூன்றாவது அளவுகோலான மீட்புக்கு வருவோம். போன் தொலைந்து, சாவிக்கொத்துக்கும் போக முடியாத யூசர் வருகிறார். நீங்கள் எஸ்எம்எஸ் ஓடிபி அனுப்பி உள்ளே விடுகிறீர்கள். அந்த நொடியில் உங்கள் லாகின் எஸ்எம்எஸ் ஓடிபி லாகின்தான், பாஸ்கீ அலங்காரம். இரண்டு கருவிகளில் பாஸ்கீ பதியச் சொல்வது, அச்சடித்து வைக்கும் மீட்புக் குறியீடுகள், மீட்புக்குப் பிறகு 24 மணி நேரம் முக்கிய மாற்றங்களைத் தடுத்து வைப்பது, இவற்றில் ஒன்றையாவது கட்டாமல் பாஸ்கீயால் கிடைத்த லாபத்தை எண்ண வேண்டாம். அலுவலக டூல், அட்மின் பேனல், டெவலப்பர்கள் பயன்படுத்தும் சேவை என்றால் இன்றே பாஸ்கீ. பொதுமக்கள் ஆப் என்றால் இன்னொரு வழியோடு சேர்த்து.

## முடிவை மாற்றிக்கொள்ள இடம் விடுவது

எதைத் தேர்ந்தாலும் ஓரிரு ஆண்டில் இன்னொன்றைச் சேர்ப்பீர்கள். அதனால் யூசர் டேபிளுக்குள் பாஸ்வேர்டு ஹாஷ் என்று ஒரு நெடுவரிசை போட்டு முடிக்காதீர்கள். யூசருக்கு எதோடும் ஒட்டாத ஓர் ஐடி. லாகின் வழிகளுக்குத் தனி டேபிள்: எந்த யூசர், எந்த வகை, அடையாள மதிப்பு, ஹாஷ் அல்லது பொதுச்சாவி, எப்போது சேர்த்தது, கடைசியாக எப்போது பயன்பட்டது, ரத்தானதா. ஒரு யூசருக்கு எத்தனை வரிசையும் இருக்கலாம். ஹாஷின் வகையும் அளபுருக்களும் ஹாஷோடு சேர்ந்தே இருந்தால், யூசர் லாகின் செய்யும் தருணத்தில் பழைய பிகிரிப்டைச் சத்தமில்லாமல் ஆர்கான்2ஐடி ஆக்கிவிடலாம்.

இந்த டேபிளின் மேல் உட்காரும் ஏபிஐக்குச் சில கண்டிப்புகள் வேண்டும். புதிய லாகின் வழி சேர்ப்பதற்கு முன் இருக்கும் வழி ஒன்றால் மறுபடி நிரூபிக்கச் சொல்ல வேண்டும். திறந்து கிடக்கும் செஷன் மட்டும் போதாது. சேர்த்தாலும் நீக்கினாலும் மற்ற எல்லா வழிகளுக்கும் தகவல் போக வேண்டும். பாஸ்வேர்டு மாறினால் பழைய செஷன்கள் சாக வேண்டும். காலாவதி நீண்ட ஜேடபிள்யூடி டோக்கனை (டேட்டாபேஸைக் கேட்காமலே செல்லும் அடையாளச் சீட்டு) மட்டும் நம்பியிருந்தால் அது நடக்காது, சர்வரில் ரத்துப் பட்டியலோ குறுகிய ஆயுளோ தேவை. கடைசியாக மிஞ்சியிருக்கும் ஒரே லாகின் வழியை நீக்கும் கோரிக்கையை ஏபிஐ மறுக்க வேண்டும். ஸ்கிரீனில் பொத்தானை மறைத்தால் போதும் என்று விட்டுவிடாமல், ஒரே நேரத்தில் இரண்டு நீக்கக் கோரிக்கை வந்தாலும் ஒன்று தோற்கும்படி டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்துச் சரிபாருங்கள்.